அச்சகத்து எக்ஸ்பி சிஸ்டத்தில் எந்த சைட்டும் திறக்கவில்லை. பிராக்ஸி போட்டால் ஆகுமா?

பாளை அச்சுக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக், இதுதான் தொழில். டிசைன் போடுகிற சிஸ்டம் பென்டியம் 4, ரேம் 512 எம்பி, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. பேஜ்மேக்கர் 7 அதில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துக்கு வாங்கிய ஃபான்ட் பேக்கேஜோடு ஒரு டாங்கிள் தந்தார்கள். பிரின்டர் கேபிள் மாட்டுகிற 25 பின் போர்ட்டில் செருகுவது. அதைக் கழற்றினால் ஒரு எழுத்து விழாது. இப்போது கடையில் விற்கிற சிஸ்டத்தில் அந்த போர்ட்டைக் காணவே முடியவில்லை.

2004லிருந்து அடித்த பத்திரிகை எல்லாம் அதற்குள் இருக்கிறது. மூத்த மகளுக்கு அடித்தவர் எட்டுப் பத்து வருடம் கழித்து இளையவளுக்காக வருவார். "அதே மாதிரி போட்டுருங்க அண்ணாச்சி" என்பார். பழைய ஃபைலைத் திறந்து பெண், மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் மாற்றினால் அரை மணி நேர வேலை. அதனால் இந்தப் பெட்டியை விட மனமில்லை, விடவும் முடியாது.

பிரச்சினை நெட். முன்பெல்லாம் எக்ஸ்ப்ளோரரில் ஏதோ திறக்கும். இப்போது எதைப் போட்டாலும் 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை' என்ற வெள்ளைத் திரைதான். பார்ட்டி போட்டோவை மெயிலில் அனுப்புகிறார், நான் பக்கத்துக் கடைக்குப் போய் பென்டிரைவில் எடுத்து வருகிறேன். போன ஆவணியில் அந்தப் பென்டிரைவோடு வைரஸும் வந்தது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, முகூர்த்த நெருக்கத்தில் இரண்டு நாள் வேலை போச்சு. மருமகன் ஒருவன் "பிராக்ஸி போட்டால் திறக்கும் மாமா" என்கிறான். எந்த பிராக்ஸி, எங்கே போடுவது என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வண்ணார்பேட்டை வாசி | ஞாயிறு, இரவு 9.58

ஏன் வே இந்தப் பாடு? செகண்ட்ஹேண்டில் ஒரு சிஸ்டம் வாங்கிப் பக்கத்தில் போடும். சோலி முடிஞ்சுது.


பாளை அச்சுக்காரன் | ஞாயிறு, இரவு 10.05

இருக்கிறதே. மகனுடைய லேப்டாப், விண்டோஸ் 11. அவன் காலையில் காலேஜுக்குக் கொண்டு போய்விடுவான். அது இருந்தாலும் அதில் இறக்கி இதற்கு மாற்ற அதே பென்டிரைவ்தானே?


மேலப்பாளையம் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10.31

அண்ணாச்சி, முதலில் ஒன்று செய்யுங்கள். திரையில் வலது கீழ் மூலையில் கடிகாரத்தின் மேல் மவுஸை வையுங்கள். என்ன தேதி காட்டுகிறது?


பாளை அச்சுக்காரன் | ஞாயிறு, இரவு 10.40

2002 ஜனவரி 1. நான் மாற்றி வைப்பேன், மறுநாள் காலையில் திரும்ப அங்கேயே போய் நிற்கும். அதைக் கண்டுகொள்வதை விட்டு ரொம்ப நாளாச்சு.


மேலப்பாளையம் மெக்கானிக் | ஞாயிறு, இரவு 11.02

அதுதான் நினைத்தேன். மதர்போர்டில் எட்டணா அளவுக்கு வட்டமாக ஒரு செல் இருக்கும். சிஆர் 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும், மாற்றிவிடுங்கள். ஹெச்டிடிபிஎஸ் சைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைதான் செல்லும். உங்கள் சிஸ்டம் 2002ல் உட்கார்ந்திருக்கிறது, சான்றிதழோ இந்த வருடம் கொடுத்தது. 'இன்னும் பிறக்காத சான்றிதழ்' என்று தள்ளிவிடும். என்னிடம் 'நெட் வேலை செய்யவில்லை' என்று வருகிற பழைய சிஸ்டங்களில் பல இந்தச் செல்லால்தான் வருகின்றன.

ஆனால் செல் மாற்றினால் மட்டும் உங்களுக்கு முழுதாகத் தீராது. ஹெச்டிடிபிஎஸ்ஸில் பேச்சை மறைத்து அனுப்புகிற முறையைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் இருக்கிற எக்ஸ்ப்ளோரருக்குத் தெரிந்த பூட்டு பழைய பூட்டு. எஸ்எஸ்எல் 3, டிஎல்எஸ் 1.0, அவ்வளவுதான். டிஎல்எஸ் 1.2 வந்தது 2008ல், 1.3 வந்தது 2018ல். 1.0ஐயும் 1.1ஐயும் 2021 மார்ச்சில் முறைப்படியே ஒதுக்கி வைத்தாயிற்று. இப்போது பெரும்பாலான சைட்டுகள் குறைந்தது 1.2 கேட்கின்றன. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பூட்டு இல்லையென்றால் பேச்சே தொடங்காது. உங்கள் வெள்ளைத் திரைக்கு அதுதான் காரணம். சிஸ்டம் மெதுவானது என்பது அப்புறம் வருகிற கதை.


பாளை அச்சுக்காரன் | திங்கள், மாலை 6.15

செல் மாற்றினேன். தேதி நிற்கிறது. ஹெச்டிடிபி என்று மட்டும் தொடங்குகிற ஒன்றிரண்டு பழைய சைட் திறந்தது. மற்றபடி நீங்கள் சொன்ன மாதிரியே. மேலே சொல்லுங்கள்.


தாமிரபரணி_98 | திங்கள், இரவு 8.20

பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அம்பாசமுத்திரத்து வீட்டில் மாடி அறை முழுக்க அதுதான், வீட்டில் கிடைக்கிற பேச்சும் அதற்காகத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிராக்ஸி என்றால் நமக்கும் சைட்டுக்கும் நடுவில் நின்று பக்கத்தை வாங்கித் தருவது, ஆனால் எல்லாம் ஒன்றல்ல. முன்பு பம்பாயிலிருந்து ஆச்சிக்குக் கடிதம் வரும். தபால்காரர் ஒட்டின கவரை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது என்றால் கவர் கையில் இருந்தும் பயனில்லை. சாதாரண பிராக்ஸி இந்தத் தபால்காரர் மாதிரி. ஹெச்டிடிபிஎஸ் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் குழாய் போட்டு அனுப்பிவிடும், பூட்டைத் திறக்க வேண்டியது உங்கள் எக்ஸ்பிதான். ஆகவே மருமகன் ஏதாவது ஒரு இலவச பிராக்ஸி முகவரி தந்தால் அதைப் போட்டும் ஒன்றும் நடக்காது.

நமக்கு வேண்டியது தெருவில் கடிதம் படித்துக் காட்டுகிறவர். அவர் கவரைப் பிரிப்பார், ஆச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்வார், பதிலையும் எழுதி ஒட்டி அனுப்புவார். வெப்ஒன் என்ற இலவச மென்பொருள் அந்த வகை. வெளி உலகத்தோடு புதிய டிஎல்எஸ்ஸில் பேசும், உங்கள் பக்கம் வெறும் ஹெச்டிடிபியாக இறக்கித் தரும். பக்கத்துக்குள் இருக்கிற ஹெச்டிடிபிஎஸ் இணைப்புகளையும் மாற்றிவிடும். வெப்பி வகைப் படங்களை எக்ஸ்ப்ளோரர் 6க்குத் தெரியாது, இமேஜ்மேஜிக்கைத் துணைக்கு வைத்து அதையும் ஜேபெக்காகவோ ஜிஃப்பாகவோ மாற்றித் தரச் சொல்லலாம். அண்ணாச்சிக்கு இது முக்கியம். பேஜ்மேக்கர் 7க்கும் வெப்பி தெரியாது.

இன்னொரு வகை இதைவிட முரடு. டபிள்யூஆர்பி என்று பெயர், வெப் ரெண்டரிங் பிராக்ஸி. அது படித்துச் சொல்வதில்லை, படம் பிடித்துக் காட்டுகிறது. வேறொரு கம்ப்யூட்டரில் குரோமியம் பிரவுசர் திரையில்லாமல் ஓடும், பக்கத்தை முழுசாகத் திறக்கும், அதை ஒரே ஜிஃப் படமாக்கி உங்களுக்கு அனுப்பும். நீங்கள் படத்தின் மேல் சொடுக்கினால் எந்தப் புள்ளி என்ற எண்கள் மட்டும் திரும்பிப் போகும், அங்கே குரோமியம் அதே புள்ளியைச் சொடுக்கும், புதுப்படம் வரும். படத்தின் மேல் சொடுக்குவது 90களின் பிரவுசருக்கே தெரிந்த வித்தை, அதனால் மொசைக்கில்கூட ஓடும். இதை லேன் செட்டிங்ஸில் பிராக்ஸியாகப் போட வேண்டாம், பெயர் அப்படி இருந்தாலும். சும்மா முகவரிப் பட்டையில் 192.168.1.20:8080 என்ற மாதிரி அதன் முகவரியை அடித்தால் போதும்.

பிராக்ஸியே இல்லாமலும் ஒரு வழி உண்டு. எக்ஸ்பிக்கு வந்த கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52. அது விண்டோஸின் பூட்டை நம்புவதில்லை, டிஎல்எஸ் 1.2ஐத் தானே கொண்டுவருகிறது. மைபால் என்று எக்ஸ்பிக்காகவே ஒன்றும் இருக்கிறது. பென்டியம் 4 என்பதால் ஓடும். பென்டியம் 3 என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 48க்கு மேல் ஏறாது. போட்டுப் பாருங்கள், ஆனால் 512 எம்பி ரேமில் பேஜ்மேக்கரையும் அதையும் ஒன்றாகத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் அரைக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.


சுத்தமல்லி | திங்கள், இரவு 8.31

ஆச்சி உதாரணம் பிரமாதம்.


வண்ணார்பேட்டை வாசி | திங்கள், இரவு 8.50

பிரமாதம்தான். கடிதம் படித்துக் காட்டுகிறவருக்கு வீட்டு ரகசியம் பூராவும் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? மெயில் பாஸ்வேர்டை அடித்தால் அதுவும் அவர் காதில்தான் விழும்.


தாமிரபரணி_98 | திங்கள், இரவு 9.14

நியாயமான கேள்வி. பாதியில் நிறுத்தியது என் தப்பு.

படித்துக் காட்டுகிறவர் நம் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். அதாவது பிராக்ஸி உங்கள் கடைக்குள், உங்கள் ரூட்டரில் மாட்டிய பெட்டியில் ஓட வேண்டும். வெளியே யாரோ நடத்துகிற ஃப்ராக்ஃபைண்ட் மாதிரி சேவைகள் உண்டு. பக்கத்தை வெறும் எழுத்தாகச் சுருக்கித் தரும், செய்தி படிக்க நல்லது. ஆனால் எதையும் 'லாகின்' செய்யக் கூடாது. வீட்டு பிராக்ஸி ஆனாலும் அதிலிருந்து எக்ஸ்பி வரைக்கும் வருகிற கடைசித் துண்டு பூட்டில்லாதது. கடை வைஃபை பாஸ்வேர்டை வருகிற பார்ட்டிக்கெல்லாம் சொல்லியிருந்தால் அவர்களும் ஒட்டுக்கேட்கலாம். பேங்க், ஆதார், ஜிஎஸ்டி எதையும் இந்த வழியில் திறக்காதீர்கள். அதற்கு ஃபோன் இருக்கிறது.

ரூட்டரில் 8080 போர்ட்டை வெளியே திறந்துவிடவும் வேண்டாம். உலகத்தில் உள்ளவன் எல்லாம் உங்கள் கடை வழியாகப் போக ஆரம்பித்துவிடுவான்.


மேலப்பாளையம் மெக்கானிக் | திங்கள், இரவு 9.40

நான் இன்னொரு படி மேலே போவேன். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கைவிட்டது 2014 ஏப்ரல் 8. அதன்பிறகு கண்டுபிடித்த ஓட்டைகளில் பெரும்பாலானவை அதில் அப்படியே இருக்கின்றன. ரூட்டரில் அந்த சிஸ்டத்துக்கு நேரடி நெட்டையே அடைத்துவிடுங்கள், பிராக்ஸிப் பெட்டியோடு மட்டும் பேசட்டும். டபிள்யூஆர்பி வழியாகப் போனால் எக்ஸ்பிக்குள் வருவது படம் மட்டும், சைட்டின் ஸ்கிரிப்ட் எதுவும் உள்ளே வராது. பென்டிரைவை விட ஆயிரம் மடங்கு சுத்தம்.

பெட்டி எது என்றால், மகன் லேப்டாப்பிலேயே வெப்ஒன் ஓடும். ஆனால் அவன் காலேஜுக்குப் போனால் நெட்டும் பஸ் ஏறிவிடும். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போடுங்கள், இரண்டையும் அதிலேயே ஓட்டலாம். வெப்ஒன்னும் டபிள்யூஆர்பியும் இரண்டுமே 8080ல் வந்து உட்காரும், ஒன்றை 8081க்கு மாற்ற மறக்காதீர்கள். இதில் நானே ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.


கல்லிடை அப்பளம் | செவ்வாய், காலை 7.05

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே வினை, இன்னும் கொஞ்சம் பழையது. அப்பா ஜாதகம் கணிப்பவர். கல்லிடைக்குறிச்சியில் வீட்டுத் திண்ணையை ஒட்டின அறையில் விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். ஜாதக சாஃப்ட்வேர் டாஸ் காலத்தது, புதிய சிஸ்டத்தில் ஓடவில்லை, அவருக்கும் வேறு எதிலும் கை போகவில்லை. காலையில் பேப்பரை அதிலேயே படிக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்கிறார். ஃபோனில் எழுத்து சிறுசு, 15 இஞ்ச் திரை அவருக்குத் தோதாக இருக்கிறது.

ரெட்ரோஜில்லா என்று பழைய விண்டோஸுக்கான பிரவுசர் போட்டேன், ஓடுகிறது. தமிழ் சைட் திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது. அப்பா பார்த்துவிட்டு, "ராசிக்கட்டமாடா இது, உள்ளே கிரகத்தைக் காணோமே" என்றார்.


தாமிரபரணி_98 | செவ்வாய், காலை 8.30

உங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

விண்டோஸில் தமிழ் யூனிகோட் வந்தது விண்டோஸ் 2000ல், லதா எழுத்துருவோடு. எக்ஸ்பியிலும் கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் போய் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற கட்டத்தை டிக் செய்து சிடியைப் போட்டால்தான் கொம்பும் காலும் இடத்தில் உட்காரும். (அச்சுக்காரர் அண்ணாச்சி, நீங்களும் இதைச் செய்யுங்கள்.) 98ல் அந்த டிக்கே கிடையாது.

இந்த இடத்தில்தான் டபிள்யூஆர்பி ஜெயிக்கிறது. எழுத்தை வரைவது பிராக்ஸிப் பெட்டி, உங்கள் 98க்கு அது தமிழா சீனமா என்று தெரிய வேண்டியதே இல்லை, படம் அவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பிராக்ஸிப் பெட்டியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போடுங்கள். போடாவிட்டால் அங்கேயும் கட்டம்தான், அந்தக் கட்டத்தை அழகாகப் படம் பிடித்து அனுப்பும்.

இது நமக்குப் புதிதல்ல. நோக்கியா ஃபோனில் ஓப்பரா மினி வைத்திருந்தவர்கள் ஞாபகப்படுத்திப் பாருங்கள். முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று அடித்து, கடைசி வரைக்கும் இறங்கி, 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு பிட்மேப் ஃபான்ட்' என்பதற்கு 'யெஸ்' கொடுப்போமே. ஃபோனில் தமிழ் எழுத்துரு இல்லாமலே தமிழ்ப் பக்கம் வரும். ஓப்பராவின் சர்வர் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ்ஸுக்கு நின்றுகொண்டு நான் வலைப்பதிவு படித்ததெல்லாம் அந்த 'யெஸ்'ஸின் புண்ணியம்.


களக்காட்டுக்காரி | செவ்வாய், இரவு 10.12

படிக்கிறபோதே கை துறுதுறுத்தது. பக்கத்தைப் படமாக அனுப்பினால் தேட முடியாது, காப்பி பண்ண முடியாது, எழுத்தைப் பெரிதாக்கவும் முடியாது. 98க்கு யூனிகோட் தமிழ் தெரியாது, சரி. ஆனால் 98 காலத்தில் தமிழ் படித்தார்களே, எதில் படித்தார்கள்? டிஸ்கியில்தானே, யூனிகோட் பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியேற்றம். பழந்தமிழ் நூல்களை நெட்டில் ஏற்றுகிற மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள்கூட டிஸ்கியில் வந்தன. அப்படியென்றால் பிராக்ஸி யூனிகோடைப் பிரித்து டிஸ்கியாக மாற்றிக் கொடுத்தால் என்ன?

மாற்றுகிற கருவி லினக்ஸிலேயே இருக்கிறது! ஐகான்வ் என்று பெயர், அதன் பட்டியலில் டிஸ்கி உண்டு, இன்று பார்க்கும் வரை எனக்கே தெரியாது. யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. டிஸ்கியில் கண்ணால் பார்க்கிற வரிசை: கொம்பு, க, கால். இந்தக் குட்டிக்கரணத்தை ஐகான்வ் தானே போட்டுவிடுகிறது. பைத்தானில் டிஸ்கி இல்லை, அதனால் என் ஸ்கிரிப்ட் பக்கத்தை இழுத்து, ஸ்கிரிப்டும் ஸ்டைலும் கழித்து, மிச்சத்தை ஐகான்வுக்குள் தள்ளி, மேலே 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்று குறியேற்றத்தை அறிவித்து அனுப்புகிறது. மொத்தம் அறுபது வரி.

கல்லிடை அண்ணாச்சி, அப்பா சிஸ்டத்தில் இணைமதி டிஸ்கி எழுத்துருவைப் போட்டு, இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், ஃபான்ட்ஸில் 'யூசர் டிஃபைன்ட்' என்பதற்கு அதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரிப்டைத் தனி மடலில் அனுப்புகிறேன்.


மேலப்பாளையம் மெக்கானிக் | செவ்வாய், இரவு 10.20

தங்கச்சி, நீ காலேஜா, வேலையா?


களக்காட்டுக்காரி | செவ்வாய், இரவு 10.21

பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இதைச் செய்கிறேன். அதோடு விடுங்கள்.


கல்லிடை அப்பளம் | சனி, மதியம் 1.30

செய்தாயிற்று. 98க்கு ரூட்டரின் வைஃபை ஒத்துவராது என்று தெரிந்து, ரியல்டெக் 8139 லேன் கார்டு ஒன்று போட்டு வீட்டுக்குள் கேபிள் இழுத்தேன். அம்மா அப்பளம் காயப்போடுகிற கொடிக்கு மேலே போகிறது, இதுவரை ஆட்சேபம் இல்லை.

முதலில் டபிள்யூஆர்பி. தமிழ் அச்சு மாதிரி வந்தது. உயரத்துக்கு பூஜ்யம் கொடுத்தால் முழுப் பக்கமும் ஒரே நீளப் படமாக வருகிறது. 64 எம்பி ரேமில் அந்த நீளம் தாங்காமல் 98 நீலத் திரை காட்டிவிட்டது. 600 என்று வைத்ததும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை கீழே இறங்கவும் ஒரு புதுப்படம். அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற வேகம் வேறு, அவருக்கு இது பொறுக்கவில்லை.

அப்புறம் தங்கச்சியின் டிஸ்கி. பக்கம் சட்டென்று வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன், பெரிதாயிற்று. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏ, இதில் பெருமாளுக்குத் தலையைக் காணோம்" என்றார். எட்டிப் பார்த்தால் கோயில் செய்தி, வரிக்கு ஒரு 'ஸ்ரீ' வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு புள்ளியும் 'ரீ'யும் மட்டும் நிற்கின்றன. வேறு சில இடங்களில் 'ஸ்ரீ' சரியாகவே வருகிறது. என்ன இது?


களக்காட்டுக்காரி | சனி, மதியம் 2.10

ஐயோ. பிடித்துவிட்டேன். யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாக அடிக்கிறார்கள். ஒன்று ஸ வைத்து, இன்னொன்று ஶ வைத்து. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அந்த ஶ யூனிகோடில் சேர்ந்ததே 2005ல், டிஸ்கியில் அதற்கு இடமே இல்லை. தெரியாத எழுத்து வந்தால் விட்டுவிட்டுப் போ என்று ஐகான்வுக்கு நான்தான் சொல்லியிருந்தேன், எமோஜி வந்து நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. அது எமோஜியோடு சேர்த்துப் பெருமாள் தலையையும் விட்டுவிட்டது.

ஐகான்வுக்குப் போவதற்கு முன் ஶ எல்லாவற்றையும் ஸ ஆக மாற்றுகிற ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ரூபாய்க் குறியும் இதே மாதிரி காணாமல் போகும், அது 2010ல் வந்தது. அதற்கு 'ரூ.' என்று போட்டுவிட்டேன். தங்கம் விலை இனி சரியாக வரும்.


வண்ணார்பேட்டை வாசி | சனி, மாலை 4.00

சரி, ஒத்துக்கொள்கிறேன். செகண்ட்ஹேண்ட் சிஸ்டத்தில் இவ்வளவு சுவாரஸ்யம் கிடைத்திருக்காது. ஆனால் பாளைக்காரர் எங்கே? இழையைத் தொடங்கிவிட்டு ஆளைக் காணோம்.


பாளை அச்சுக்காரன் | ஞாயிறு, இரவு 10.25

முகூர்த்தம், அதுதான் வரவில்லை. ராஸ்பெர்ரி பை வந்து ஐந்து நாள் ஆச்சு, மேலப்பாளையம் தம்பியே கடைக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். டீ மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். எக்ஸ்ப்ளோரரில் டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்‌ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ். அதில் பிராக்ஸி முகவரி 192.168.1.20, போர்ட் 8080. அது வெப்ஒன். எளிமையான சைட், படம் இறக்குகிற சைட் எல்லாம் இதில் வருகிறது. சுடலைமாடன் கொடைக்கு ஒரு நோட்டீஸ், அதற்கு வேண்டிய கோயில் படம் ஒன்றை இந்த சிஸ்டத்திலேயே தேடி, இறக்கி, பேஜ்மேக்கருக்குள் வைத்தேன். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. 8081ல் டபிள்யூஆர்பி. வெப்ஒன்னில் அலங்கோலமாக வருகிற சைட்டை அதில் பார்த்துக்கொள்கிறேன். நிறம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, ஜிஃப்பில் அப்படித்தானாம், பார்க்கத்தானே.

மெயிலைத் திறக்கவில்லை, நீங்கள் பயமுறுத்தியபடியே. அதற்குத் தம்பி வேறு வழி சொன்னார். ஷேர் ஃபோல்டர் போடலாம் என்று நான் கேட்டேன். ஃபோல்டரைப் பகிர எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய முறை, 2017 கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 10 முதல் அதைச் சேர்க்காமலே தருகிறார்கள், அதைத் திரும்பத் திறந்துவிடுவது திருடனுக்குச் சாவி கொடுக்கிற மாதிரி என்றார். அதற்குப் பதில் பையில் ஒரு ஃபோல்டர். ஃபோனில் வருகிற போட்டோவை அங்கே தள்ளிவிடுகிறேன். பையில் பைத்தானின் சின்ன வெப் சர்வர் ஒன்று அந்த ஃபோல்டரை ஹெச்டிடிபியில் காட்டுகிறது. எக்ஸ்பியில் 192.168.1.20:8000 என்று அடித்தால் பட்டியல் வருகிறது, சொடுக்கினால் இறங்குகிறது. உண்மையைச் சொன்னால் ஒரு நாளில் பத்துக்கு எட்டு தடவை எனக்கு இந்த ஃபோல்டரே போதுமாக இருக்கிறது, பிராக்ஸி மிச்ச இரண்டுக்குத்தான்.

வாட்ஸ்அப்பில் வருகிற மேட்டரை மட்டும் நானே திரும்ப அடிக்கிறேன். யூனிகோட் எழுத்தை டாங்கிள் எழுத்துக்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் இருக்கிறதாம், ஒரு எழுத்து மாறிப் போய் மாப்பிள்ளை பெயர் தப்பாக விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்தான். அடித்தால் என் கண்ணில் ஒரு தடவை ஓடும்.

ஒரே ஒரு வினை. வெள்ளிக்கிழமை கடையைக் கூட்டித் துடைத்த பையன், ஷெல்ஃபில் இருந்த பையை யாரோ விட்டுப்போன ஃபோன் சார்ஜர் என்று நினைத்துப் பிடுங்கி வைத்துவிட்டான். அரை நாள் 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை'. செல், தேதி, கேபிள் எல்லாம் பார்த்து, தம்பிக்கு நாலு ஃபோன் போட்ட பிறகுதான் ஷெல்ஃபைப் பார்த்தேன். பேஜ்மேக்கரைத் திறந்து 'பிடுங்காதே, கடை நின்றுவிடும்' என்று 48 பாயின்டில் போட்டு, பார்டர் கட்டி, பிரின்ட் எடுத்து ஒட்டியிருக்கிறேன்.


சுத்தமல்லி | ஞாயிறு, இரவு 10.31

கல்யாணப் பத்திரிகை பார்டரா, கொடை நோட்டீஸ் பார்டரா?


பாளை அச்சுக்காரன் | ஞாயிறு, இரவு 10.33

2009 காதுகுத்து. மயில் இருக்கும்.